சுவரில் ஒட்டிய துண்டுகள்

மூன்றாவது படிக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அதில் ஏறி நிற்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு சோடிகள் வரிசையில் நின்றன. இரண்டு பக்க வீடுகளின் பல்கனிகளும் ஒன்றோடொன்று முட்டுமாப்போல் நீட்டிக்கொண்டிருந்த ஒடுக்கமான சந்து அது. குவானாஹுவாத்தோ என்ற அந்த மெக்சிக்கோ நகரத்தின் பழைய பகுதியில் இப்படி எத்தனையோ சந்துகள் இருந்தாலும், இந்தச் சந்துக்குத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள்.

"அப்பா, அந்தப் படியிலை நிண்டு ரெண்டு பேரும் முத்தம் குடுக்கோணும். குடுத்தா ஏழு வருசத்துக்கு நல்லது. இவ்வளவு தூரம் வந்திட்டுக் குடுக்காமப் போனா ஏழு வருசத்துக்குக் கூடாது," என்றாள் டிலக்சி.

தில்லைநாதன் பல்கனியை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு ஏழரைச் சனி இப்பதான் முடிஞ்சது, பிள்ளை. இஞ்சத்தையான் சனி அரை வருசம் குறைச்சுத்தான் பிடிக்குது போல."

அவருடைய மனைவி ஞானமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, அவர் தன்னைப் பார்க்கிறாரா என்று பார்த்தாள். அவர் பல்கனியைத் தாங்கிய மரச்சட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஃபோர்லேஸ்னிங் இருக்கு, வகுப்புக்குப் பிந்தினா பேராசிரியர் உள்ளுக்கு விடமாட்டார்," என்று மகள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "அம்மா, ரெண்டு பேரும் ஒண்டாத் திரியுங்கோ. இஞ்சை றோட்டெல்லாம் நூல் சிக்கின மாதிரி. ரெண்டு மணிக்கு ஹோட்டலுக்கு வாறன்." அவள் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஓர் அரையாண்டு படிக்க வந்திருந்தாள். கிறிஸ்மஸ் வரை பொறுக்காமல் நவம்பரிலேயே பெற்றோருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். உங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என்றாள். நாள் போன ஆவணியிலேயே போய்விட்டது. அன்றைக்கு அவருக்கு மாலை வேலை, ஞானமலருக்குக் காலை வேலை.

நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்துக் குரோருட்டில் அவர்களுடைய வீடு அப்படித்தான் ஓடியது. தில்லைநாதன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டினார். ஞானமலர் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தாள். பிள்ளையை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்தொன்பது வருடங்களுக்கு முன் எதிரெதிர் வேலை நேரம் கேட்டு வாங்கினார்கள். பிள்ளை வளர்ந்த பிறகும் அது மாறவில்லை. இவள் வரும்போது அவர் படியிறங்கியிருப்பார். சொல்ல வேண்டியதெல்லாம் பிரிட்ஜ் கதவில் துண்டாக ஒட்டியிருக்கும். அவர் தன் பழைய வேலை அட்டவணைகளை நாலாக வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் எழுதுவார். மேல் மூலையில் தவறாமல் நேரம் போடுவார். '14.10. சோறு குக்கரிலை. மீன்கறியைச் சூடாக்கும். உடுப்புத் தோய்க்கிற அறை எங்களுக்கு வியாழக்கிழமை.' இவள் நேரம் போடமாட்டாள். எழுதுவதும் குறைவு. பெரும்பாலும் அவர் எழுதியதன் கீழே 'சரி' என்று எழுதி வைப்பாள்.

போன மாதம் சாப்பாட்டு மேசையில் வைத்து அவர், தை மாதத்திலிருந்து தனக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது என்றார். "இனி பின்னேரத்திலை வீட்டிலை நிப்பன்." அதைத் துண்டில் எழுதாமல் வாயால் சொன்னார் என்பதிலேயே அவருக்கு அது எவ்வளவு பெரிய சேதி என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் "நல்லது" என்றாள். அடுத்த கிழமை முதியோர் இல்லத்தில் நிரந்தர இரவு வேலைக்கு ஆள் கேட்டு அறிவித்தல் போட்டார்கள். அவள் பெயர் கொடுத்தாள். கையெழுத்து வைக்க வேண்டிய படிவம் தபாலில் வந்தது. ஒஸ்லோவுக்குத் திரும்பியதும் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அது இப்போது அவளுடைய கைப்பையில், பாஸ்போட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. அவரிடம் சொல்லவுமில்லை.

அவரில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கோடையில் இருவருக்கும் ஒரே கிழமையில் லீவு கிடைத்தபோது, அவர் கதைப்பதற்காக டிவியை நிறுத்திவிட்டு அடுப்படிக் கதிரையில் வந்து இருந்தார். இவள் கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினாள். என்ன கதைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவர் எழும்பிப் போய் டிவியைப் போட்டபோது அவளுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு வந்ததை நினைத்து அன்றிரவு அவள் அழுதாள். இனி அப்படி எத்தனை பின்னேரங்கள்? களைத்த உடம்பைப் படுக்கையில் போடலாம். களைத்த மனத்தை ஒருவருக்கு முன்னால் எத்தனை மணித்தியாலம் உட்கார்த்தி வைக்க முடியும்?

டிலக்சி போன பிறகு இருவரும் அந்தச் சந்துக்குள்ளால் கடந்து போகத்தான் நினைத்தார்கள். வரிசை அசைந்து அசைந்து, யாரோ இடம் விட்டுக்கொடுத்து, பார்த்தால் சிவப்புப் படிக்கு முன்னால் நின்றார்கள். கமராவோடு நின்ற பெண் இருவரையும் கையால் நெருக்கி நிற்கச் சொன்னாள். பின்னால் நின்ற இளம்சோடிகள் கை தட்டின. தில்லைநாதனுக்குக் காது சிவந்தது. "நோ, நோ, தாங்க்யூ," என்றார். பிறகு இவளிடம், "வாரும்," என்றுவிட்டு, அந்தப் படியை மிதிக்காமல் தாண்டி மேலே ஏறிப் போனார்.

அவர் எப்போதும் முன்னால் நடப்பவர். கடையிலும் கோயிலிலும் அப்படித்தான். இவள் நாலு அடி பின்னால் வருவாள். ஆனால் இங்கே தட்டையான நிலமே இல்லை. வீதிகள் படிகளாகி, படிகள் யாரோ ஒருவருடைய வாசலாகி, வாசல் மறுபடி வீதியாகியது. கத்தரிப்பூ நிறம், மாம்பழ நிறம், ரோஸ் என்று வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. நேற்று அவர் அரைமணித்தியாலம் ஒரு சுரங்க வீதியின் வாயில் நின்று, நிலத்துக்குக் கீழே பஸ் வளைவதைப் பார்த்தார். "இந்த வளைவிலை நான் ஓடுற முப்பத்தோராம் நம்பர் பஸ் திரும்பாது," என்றார். மற்றபடி அவருக்கும் மூச்சு வாங்கியது. உயரமான ஊர். இவளுக்குக் குதிக்கால் தோல் கழன்றிருந்தது. நேற்று மருந்துக் கடையில் பிளாஸ்டர் ஒரு பெட்டி வாங்கி, இவளுக்கு இரண்டைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவர் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வளைவில் ஞானமலர் நின்றாள். அவருடைய சாம்பல் நிற ஜக்கெட் மேலே போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒரு கல்படியில் இருந்துகொண்டாள். பக்கத்தில் ஒரு பூக்காரி, போன கிழமை இறந்தவர்களுக்குப் படைத்த திருநாளில் மிஞ்சிய செவ்வந்தியில் வாடியதைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜக்கெட் வளைவில் மறைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இப்ப பார்ப்பார், இப்ப பார்ப்பார் என்று எதிர்பார்த்தாள். பிறகு எதிர்பார்ப்பதை விட்டாள். பல வருடங்களுக்குப் பிறகு எவருக்காகவும் எழும்ப வேண்டியிராத அரைமணித்தியாலம் அது. பூக்காரி ஏதோ கேட்டாள். இவள் குதிக்காலைக் காட்டினாள். பூக்காரி தலையாட்டிவிட்டுத் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். அவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு.

இருவருக்குமாக இருந்த ஒரே கைத்தொலைபேசி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அந்த நினைவு வந்தபோதுதான் பயம் பிடித்தது. எழும்பி மேலே போனாள். சந்து இரண்டாகப் பிரிந்த இடத்தில் நீலக் கதவொன்று. கதவுக்குப் பக்கத்துச் சுவரில், கண் உயரத்தில், பிளாஸ்டரால் ஒட்டிய வெள்ளைத் துண்டு.

'10.40. ஞானம், பின்னாலை வாறீர் எண்டு நினைச்சன். மற்றச் சந்தாலை இறங்கி, காலமை கண்ட தண்ணித் தொட்டியடிக்குப் போய்ப் பாக்கிறன்.'

தன் கண்ணை அவளால் நம்ப முடியவில்லை. துண்டைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அட்டவணையின் ஒரு மூலை. நோர்வேஜிய எழுத்தில் குரோருட் தரிப்பிடத்துக்குப் பஸ் வரும் நேரங்கள். இந்த மனிசன் மெக்சிக்கோவுக்கும் இதைக் கொண்டுவந்திருக்கிறார். இந்த நகரத்திலேயே இதை வாசிக்கக்கூடியவர்கள் மூன்றே பேர், அதில் ஒருத்தி வகுப்பில் இருக்கிறாள்.

தண்ணீர்த் தொட்டியடியில் அவர் இல்லை. தொட்டியின் கல்விளிம்பில் துண்டு இருந்தது. '10.55. இஞ்சையும் இல்லை. மேலை மஞ்சள் கோயிலடிக்குப் போறன். வெய்யில், தண்ணி குடியும்.' அவள் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கிக் குடித்தாள். மஞ்சள் நிறத் தேவாலயத்தின் படிகளை ஏறும்போது, குரோருட்டில் லிப்ட் பழுதான நாள்களில் ஏறியது போல ஒவ்வொரு படியாக எண்ணினாள். வாசல் தூணில் துண்டு. '11.15. உள்ளுக்கும் பாத்தன். நீர் கும்பிடப் போயிருப்பீர் எண்டு நினைச்சன். எனக்குக் கும்பிட வாய் வரேல்லை. வந்த வழியாலை திரும்பிப் போறன்.'

'வாய் வரேல்லை' என்பதில் அவளுடைய விரல் நின்றது. அப்படியொரு சொல்லை அவர் பிரிட்ஜ் கதவில் எழுதியதில்லை.

வந்த வழி எது என்று தெரியாமல், இரண்டு சந்துகளைத் தப்பாகத் திரும்பி, நாயொன்று படுத்திருந்த வாசலைத் தாண்டி இறங்கியபோது, கடைசியில் தான் முதலில் இருந்த கல்படிக்கே வந்து சேர்ந்தாள். பூக்காரி இவளைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து, சிரித்து, கீழே இறங்கும் சந்துப் பக்கம் காட்டி, பிறகு சுவரைக் காட்டினாள். இந்தத் துண்டு பெரிது. அட்டவணையை வெட்டாமல் முழுத்தாளாக, இரண்டு பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தார்.

'11.35. நீர் இஞ்சை இருந்தனீர் எண்டு இந்தப் பூ விக்கிற மனிசி கையாலை சொன்னவ. கால் இன்னும் நோவெண்டும் சொன்னவ. எனக்கு நீர் சொல்லேல்லை. நான் கேக்கவுமில்லை. பஸ்ஸிலை கண்ணாடி இருக்கு, பின்னுக்கு ஆர் நிக்கினம், ஆர் இறங்கிட்டினம் எண்டு தெரியும். நடக்கேக்கை கண்ணாடி இல்லை. இரவு வேலைக் கடிதத்தை நான் வாசிச்சனான். கவர் திறந்து கிடந்தது. வாசிச்சது பிழை. மூண்டு கிழமையாக் கேப்பம் எண்டு பாத்தன், கேக்கத் தெரியேல்லை. நான் பகலுக்கு மாறினது உமக்குக் கரைச்சலெண்டா வாயாலை சொல்ல வேண்டாம், எழுதியாவது வையும். கீழைச் சந்தியடியைப் பாத்திட்டுத் திரும்பி இஞ்சைதான் வருவன்.'

அவள் அதை இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. படியில் இருந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். கால் கல்லில் குளிர்ந்தது. மூன்று கிழமையாக அவர் தெரிந்துகொண்டு பஸ் ஓட்டியிருக்கிறார், சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார், விமானத்தில் பக்கத்தில் இருந்து இவளுடைய தலை சாய்வதற்குத் தோளைச் சரித்துக் கொடுத்திருக்கிறார். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அவ்வளவு தூரம் ஏறி இறங்கிய பிறகு உடம்பில் அதற்கு இடம் இல்லை.

கைப்பையைத் திறந்தாள். பாஸ்போட், சீப்பு, பேனை. எழுதுவதற்குத் தாள் என்று இருந்தது ஒன்றுதான். அதை விரித்து, திருப்பி, மடியில் வைத்தாள். முதலில் மேல் மூலையில் நேரம் போட்டாள். 11.55. அது அவளுக்குப் புதிதாக இருந்தது. பிறகு எழுதினாள்.

'எனக்குக் கரைச்சல் இல்லை, பயம். என்ன கதைக்கிறது எண்டு பயம். கால் ஏலாது. இனி நடக்கமாட்டன். நீங்கள் வாங்கோ.'

ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவருடைய தாளில் இருந்த இரண்டு பிளாஸ்டரில் ஒன்றை மெதுவாக உரித்து, தன்னுடைய தாளை அதற்குப் பக்கத்தில் ஒட்டினாள். எழுத்துப் பக்கம் வெளியே, கையெழுத்துக்கு விட்ட கோடு சுவரோடு. இப்போது இரண்டு தாளும் ஒவ்வொரு மூலையில்தான் பிடித்துக்கொண்டு நின்றன. சந்தால் காற்று ஏறி வந்தது. இரண்டும் படபடத்தன. பூக்காரி எழும்பி வந்து அந்த எழுத்துகளை அண்ணாந்து பார்த்தாள். விரலால் ஒரு சுழியைக் காற்றில் எழுதிப் பார்த்தாள். பிறகு இரண்டு செவ்வந்திப் பூவை இவளுடைய மடியில் போட்டுவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருந்தாள்.

கீழே, வளைவுக்கு அந்தப் பக்கம், ஒருவர் படியேறி வரும் சத்தம் கேட்டது. நாலு படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குகிற சத்தம். பிளாஸ்டர் ஒன்று சுவரை விட்டுக் கழலத் தொடங்கியது. ஞானமலர் வெறுங்காலோடு எழும்பி, விரித்த கையால் இரண்டு தாளையும் சேர்த்துச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.