வாப்பாவின் பாங்கு இருந்த கோப்பு

ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்ற, மவுஸால் பிடித்து இழுத்துப் போட்டால் போதும். தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிற எனக்கே இது தெரியும். ஆனால் என் தங்கச்சி ஸஜீதா கணினி படிக்கிறவள். சி மொழியில் கோப்புகளைக் கையாளும் பாடத்தை முடித்த கையோடு, இனி எதையும் தான் எழுதிய புரோகிராம்தான் மாற்றும் என்று ஒரே பிடிவாதம்.

அவள் மாற்ற எடுத்தது வாப்பாவின் பாங்கை.

எங்களைப் பெற்ற வாப்பா புஹாரி மிளகு வியாபாரி. பலாபத்வலப் பள்ளிவாசலில் அவர் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னால் கடைக்காரர்கள் கதையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். ஆபரேஷனுக்குப் போகுமுன், என் மூத்த சகோதரி, ராத்தா றஹீமா உண்டாகியிருப்பது தெரிந்து, தன் போனில் ஒரு பாங்கைப் பதிந்து வைத்தார். பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்வது எங்கள் வழக்கம். அதை மனிதர் வாயால்தான் சொல்லவேண்டும், பிள்ளையின் தகப்பன் சொல்லட்டும், பிறகு பாட்டனின் குரலையும் கேட்கவைத்தால் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லியிருந்தார். வாப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பிள்ளைக்கு முன்னால் வேறு யாரும் அதைக் கேட்கக்கூடாது. அதனால் யாருக்கும் அனுப்பவில்லை. பள்ளியில் அவர் சொன்ன பாங்குகளையும் யாரும் பதிந்து வைக்கவில்லை. தினமும் கேட்கிறதை யார் பதிவார்கள்?

ஸஜீதாவின் புரோகிராம் பழைய கோப்பைத் திறந்து, உள்ளதை ஒவ்வொன்றாக வாசித்துப் புதிய கோப்பில் எழுதும். முடிவு வந்ததும் இரண்டையும் மூடிவிட்டுப் பழையதை அழித்துவிடும். தன் பாடக் குறிப்புகளைப் பலமுறை மாற்றிப் பார்த்தாளாம், ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அந்தத் தைரியத்தில், பாங்கைப் பிள்ளைக்கென்று கார்டிலேயே ஒரு தனி இடத்துக்கு மாற்ற, வாப்பாவின் போனிலிருந்த மெமரி கார்டைக் கழற்றி லெப்டொப்பில் போட்டு ஓட்டினாள். வேலை முடிந்தது என்று திரையில் வந்தது. வாப்பா விதித்த நிபந்தனைக்கு மரியாதை கொடுத்து, புதிய கோப்பைப் போட்டுக் கேட்காமலே விட்டாள். கார்டில் மிச்சமிருந்த இடமெல்லாம் ராத்தாவின் கல்யாண வீடியோக்களை நிரப்பினாள்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் ராத்தாவுக்கு மகள் பிறந்தாள். பிள்ளையின் தகப்பன், மச்சான் றம்ஸீன், காதில் பாங்கு சொன்னார். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் பாட்டனின் முறை. வாப்பா வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்தே வாசலைப் பார்த்தபடி இருந்தார். கோப்பின் பெயர் மட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஸஜீதா அதைத் தேடினாள். பெயர் இருந்தது. அளவு ஒரு குறுஞ்செய்தி அளவுகூட இல்லை.

அவள் அழுதுகொண்டே எனக்கு விளக்கினாள். எழுத்துகள் உள்ள கோப்பைத் திறக்கிற முறை வேறு, குரலும் படமும் உள்ளதைத் திறக்கிற முறை வேறு. அவள் எழுத்துக்குரிய முறையில் திறந்திருக்கிறாள். அப்படித் திறந்தால், உள்ளே இருபத்தாறு என்ற எண் வந்த இடத்திலேயே கோப்பு முடிந்தது என்று அவளுடைய கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளுமாம். பாடக் குறிப்பில் அந்த எண் வராது. குரலில் எங்கேயும் வரும். வாப்பாவுடையதில் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. மிச்சத்தை வாசிக்காமலே, புரோகிராம் சொன்ன சொல் தவறாமல் பழையதை அழித்துவிட்டது.

கார்டைத் தூக்கிக்கொண்டு மாத்தளை டவுனுக்குப் பறந்தேன். போன் கடை அஸ்ஹர் என்னென்னவோ செய்து பார்த்தான். அழித்ததன்மேல் வேறெதையும் எழுதாமல் விட்டிருந்தால் எடுத்திருக்கலாம் என்றான். திரையில் ராத்தாவின் கல்யாணச் சாப்பாடுதான் ஓடியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த லெப்டொப்பை ரோட்டில் போட்டு லொறியை ஏற்றலாம் போலிருந்தது.

திரும்பி வந்தபோது ஸஜீதா குசினிக்குள் அடுப்பருகே என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் குரல் வாப்பாவுடையது மாதிரி என்று ஊரே சொல்லுமே, நான் ஒரு பாங்கு பதிந்து தந்தால் போதும் என்று கெஞ்சினாள்.

"வாப்பாட குரல நான் களவெடுக்க மாட்டேன். நீயே போய்ச் சொல்லு," என்றேன்.

வெளியே வேன் வந்து நின்றது. ராத்தா பிள்ளையைக் கொண்டுவந்து வாப்பாவின் மடியில் வைத்தாள். வாப்பா ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி, போனுக்காக மறுகையை நீட்டினார். ஸஜீதா அவருடைய காலடியில் உட்கார்ந்தாள்.

"வாப்பா, உங்கட பாங்கு இல்ல. நான் அழிச்சிட்டேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாப்பா கையை மடக்கி, குனிந்து, பிள்ளையின் காதில் வாயை வைத்தார். உதடுகள் அசைந்தன. நாங்கள் அனைவரும் அறிந்த சொற்கள்தான், ஒன்றும் கேட்கவில்லை. பாதியில் உதடுகள் நின்றுவிட்டன. அவர் அழுதார். தோள் குலுங்கியது, வாய் திறந்திருந்தது, கழுத்துத் துளையில் காற்று மட்டும் சீறியது. அழுவதற்கும் குரல் வேண்டும் என்பதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. பிள்ளை அவருடைய மடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.