ஞாயிற்றுக்கிழமை வேன்

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெண்கள் மேசைக்குத் திரும்பிய நேரத்தில், காலையில் போன மினி லாரி போன பெட்டிகளோடு அப்படியே திரும்பி வந்து வாசலில் நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிச்சர்ட் ஒரு பெட்டியைப் பிரித்து, கைக்கு வந்த ரப்பர் வளையத்தை எடுத்து விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். பிசிறு தட்டியது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் தட்டியது.

தண்டலத்தைத் தாண்டி ஒரு கிளைச் சாலையில் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகையில் நடப்பது ஒரே வேலைதான். கார்களில் மாட்டுகிற ரப்பர் வளையங்கள் அச்சிலிருந்து வரும்போது விளிம்பில் மெல்லிய பிசிறு ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சின்னக் கத்தரியால் சுற்றிலும் வெட்டி எடுக்க வேண்டும். மெஷின் செய்யாது, பொறுமையான கைதான் செய்யும். ரிச்சர்ட் ஒரகடத்துப் பெரிய கம்பெனி ஒன்றில் குவாலிட்டியில் இருந்தவர். நல்ல வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்தபோது, இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் கணக்கு வேறு. காணிக்கைத் தட்டை நம்பி ஊழியம் செய்யக் கூடாது, யாரிடமும் கை நீட்டக் கூடாது, நாலு பெண்களுக்கு வேலையும் கொடுக்க வேண்டும், சுவிசேஷமும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் டிரேக்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டால், மறுநாள் அதே கொட்டகை சபையாகிவிடும். பிசிறு வெட்டுகிற நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்தால் அதுதான் திருவிருந்து மேசை. அந்தப் பெண்களுக்கு அவர் ஆறு நாளும் சார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர்.

ஜெபத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று அவர் யாரையும் ஒரு நாளும் கட்டாயப்படுத்தியதில்லை. அதைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் சம்பளம் கொடுக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது, எதிரே நிற்கிறவள் கண்ணைத் திறந்துகொண்டா நிற்பாள்? யார் ஆண்டவருக்காக வருகிறார்கள், யார் சாரின் மனம் கோணக் கூடாதென்று வருகிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. பிரசங்கத்தின் நடுவில் இந்த நினைப்பு வந்துவிடும். அப்போதெல்லாம் அவர் கண் தானாக மூன்றாவது வரிசையில் இருக்கும் கங்காவைத் தேடும். அவளைப் பற்றி மட்டும் அவருக்குச் சந்தேகம் கிடையாது.

கங்கா ஞானஸ்நானம் எடுத்தவள். பொட்டையும் பூவையும் தானாக விட்டவள். போன ஆடியில் அவர்கள் தெரு எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். மூத்த மருமகள் கூழ்க்குடம் தூக்குவது அந்த வீட்டு வழக்கம். கங்கா மாட்டேன் என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய நாள், அன்றைக்கு நான் வேறு எந்த வேலைக்கும் கை நீட்ட மாட்டேன் என்று தெருவே கேட்கச் சொன்னாள். மாமியார் சுந்தராம்பாள் முட்டிவலியோடு தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு, மாமியார் மருமகளுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. புருஷன் ரகுபதி ஷிப்டைக் காரணம் காட்டி நழுவிக்கொள்வான். இதையெல்லாம் கங்கா சபையில் சாட்சியாகச் சொல்லி அழுதபோது, ரிச்சர்ட்டுக்கும் கண் கலங்கிவிட்டது. அவரை எல்லா நாளும் ஒரே மாதிரி அண்ணா என்று கூப்பிடுகிறவளும் அவள் ஒருத்திதான்.

பெட்டி திரும்பி வந்ததற்கு யாரைக் குறை சொல்வது? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியாரை அழைத்திருந்தார். அரை மணி நேரம் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. தேவனுடைய மனுஷனை நடுவில் எழுந்து எப்படி நிறுத்துவது? ரிச்சர்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசையில் வளையங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. அதற்குப் பிறகு பெண்கள் அரக்கப்பரக்க வெட்டித் தள்ளியதுதான் இந்த லட்சணத்தில் திரும்பி வந்திருக்கிறது.

கம்பெனியிலிருந்து நிர்மல் போன் செய்தான். சின்னப் பையன், ஆனால் ஆர்டர் அவன் கையில்தான் இருக்கிறது. “சார், உங்கமேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா திங்கக்கெழம காலைல எங்க லைன் ஓடணும். ரீவொர்க் பண்ணிக் குடுத்துடுங்க. இல்லன்னா வேற பார்ட்டிக்கு மாத்திடுவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“நாளைக்கு ஞாயித்துக்கெழம நிர்மல்.”

“ஆமா சார், ஒரு ஃபுல் டே இருக்கே.” அவன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

சாயங்காலம் டிரேக்களை ஓரங்கட்ட வந்த மனைவி சில்வியா, விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “ஆர்டர் போனா போவட்டும்னு சொல்ல எனக்கும் ஆசதான். திங்கக்கெழம இவங்கள்லாம் எங்க போய் நிப்பாங்க? அதுங்களும் நம்மள நம்பி வந்ததுங்க.” பிறகு அவளே சொன்னாள். “ஆராதனைய ஆறு மணிக்கு வெச்சிடுங்க. முடிச்சிட்டு வேல பாக்கட்டும்.” இரண்டு பக்கமும் இடிக்காத யோசனையாகத்தான் தோன்றியது. ரிச்சர்ட் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினார். ஆராதனை ஆறு மணி. வர முடியாதவர்களுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேன் வீட்டுப் பக்கம் வரும். அனுப்பி முடித்த பிறகு, பேசியது சாரா பாஸ்டரா என்று அவருக்கே தெரியவில்லை.

எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். கங்கா மட்டும் போன் செய்தாள்.

“அண்ணா, நாளைக்கி ஞாயித்துக்கெழம.”

“தெரியும்மா. வேற வழியில்ல. வேதத்துலயே இருக்கே, கெணத்துல மாடு விழுந்துட்டா, இன்னிக்கி ஞாயித்துக்கெழமன்னு பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?”

“அதில்லண்ணா. நாளைக்கிதான் எங்க தெருவுல கூழு ஊத்தறாங்கோ.”

ரிச்சர்ட்டுக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷமாகப் போகிற இடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்த கதை அது. வெளியூர் சபைகளில் கூடச் சொல்லியிருக்கிறார். அந்த நாள் மட்டும் அவருக்கு ஞாபகம் இல்லாமல் போய்விட்டது. நீ வர வேண்டாம்மா என்று வாய் வரைக்கும் வந்தது. கங்காவுடைய கைதான் அங்கே வேகமான கை. அவள் இல்லாமல் இத்தனை பெட்டி முடியாது.

“வேனை தெரு உள்ள கொண்டு வரல. மெயின் ரோட்டுலயே நிறுத்தறேன். நீ பின்பக்கமா நடந்து வந்துடு.”

“ஒளிஞ்சிகினு வரணுமாண்ணா?” அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவருக்கு வலித்தது. அவர் பதில் சொல்வதற்குள் அவளே, “சரிண்ணா, நீங்க சொல்றீங்க. வரேன்” என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஆராதனைக்கு வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். மூன்றாவது வரிசையில் கங்காவின் இடம் காலியாக இருந்தது. திரும்பி வந்த பெட்டிகள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு நின்றன. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ரிச்சர்ட்டின் பார்வை இரண்டு தடவை அவற்றின் மேல் போனது. ஜெபத்தைச் சுருக்கி முடித்துவிட்டு வேன் சாவியை எடுத்தார். டிரைவர் மாரிமுத்து தன் ஊரிலும் கூழ் என்று முன்னமே லீவு சொல்லியிருந்தான்.

தண்டலத்தில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, கங்கா வீடு இருக்கும் மண்ணூர்ப் பக்கம் வந்து, சொன்னபடி மெயின் ரோட்டில் நிறுத்தினார். கங்கா இல்லை. தெருவுக்குள்ளிருந்து பம்பைச் சத்தம் கேட்டது. போன் செய்தார், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தார். அதற்குள் நிர்மலிடமிருந்து போன், ஸ்டார்ட் ஆயிடுச்சா சார் என்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம்தானே, வாசலில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்து வண்டியைத் தெருவுக்குள் திருப்பினார். செய்யக் கூடாத காரியம். அந்த நேரத்தில் அவருக்குப் பெட்டிகளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் தெரியவில்லை.

தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. எல்லையம்மன் கோயில் வாசலில் கூழ் அண்டாக்கள் வரிசையாக இருந்தன. கருவாட்டுக் குழம்பும் வெங்காயமும் சேர்ந்து மணத்தது. சொம்பும் தூக்குமாக நின்றிருந்த ஜனங்கள் ஹார்ன் சத்தத்துக்கு விலகி, வேன் அவர்களைத் தாண்டியதும் மறுபடியும் சேர்ந்துகொண்டார்கள். வேனின் பின்கண்ணாடியில் சபைப் பெயரும், ஞாயிறு ஆராதனை காலை ஒன்பதரை மணி, அனைவரும் வருக என்பதும் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. யாரோ ஒருவர் அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துவிட்டு, மணி இன்னா ஆவுது என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். சிரிப்பு எழுந்தது. வேனுக்குள் இருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கங்கா வாசலில்தான் நின்றிருந்தாள். தோளில் வேலைக்குக் கொண்டுவருகிற பை. அவளுக்கு எதிரே மஞ்சள் புடவையில் சுந்தராம்பாள், இடுப்பில் மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய குடம். ஒரு வருஷமாகப் பேசாதவள் மருமகளிடம் ஏதோ கேட்டு, அவள் பதிலுக்காக நிற்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. வேனைப் பார்த்ததும் சுந்தராம்பாள் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். ரிச்சர்ட் கண்ணாடியை இறக்கினார்.

“இன்னா பாஸ்டரே, இன்னிக்கி உங்க சாமிக்கு லீவா?”

ரிச்சர்ட் ஹார்னிலிருந்து கையை எடுத்தார்.

“சண்டைக்கு வரல, தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். போன வருசம் இதே நாளு, ஞாயித்துக்கெழம வேலைக்கு கை நீட்ட மாட்டேன்னா எம்மருமவ. தெருவே காறித் துப்புச்சி. எனக்கும் கோவந்தான். ஆனா சாமிக்குன்னுதான சொல்றா, போவட்டும்னு நான் அவள வூட்ட வுட்டு தொரத்தல.” அவள் குடத்தை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். முட்டி வலித்திருக்க வேண்டும். “அம்மனுக்கு நீட்டாத கை கம்பெனிக்கு நீட்லாமா? நீங்க படிச்சவரு. சொல்லுங்க.”

பம்பை நின்றிருந்தது. கங்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சபையில் அவர் வேதத்தைத் திறக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. இந்தக் கேள்விக்கு அண்ணாவிடம் பதில் இருக்கும் என்று அவள் நம்பினாள். ஒரு வருஷத்து அழுகைக்கும் தனி அடுப்புக்கும் சேர்த்து ஒரு பதில். ரிச்சர்ட் தேடினார். கிணற்றில் விழுந்த மாடு ஞாபகம் வந்தது. அதை இந்தத் தெருவில் வைத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“அவசர ஆர்டர்ம்மா” என்றார். “திங்கக்கெழம காலைல குடுத்தாவணும்.”

சுந்தராம்பாள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதில் ஜெயித்த சந்தோஷம் கூட இல்லை. கங்கா பார்வையை அவர் முகத்திலிருந்து எடுத்தாள். பையைத் தோளிலிருந்து கழற்றி வாசல் ஆணியில் மாட்டினாள். பிறகு வேனருகே வந்து, மற்றப் பெண்களுக்கும் கேட்கும்படி, கொட்டகையில் அவர்கள் லீவு கேட்பது போலவே கேட்டாள்.

“இன்னிக்கி எனக்கு லீவு வேணும் சார்.”

அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே பிறகு ஞாபகம் இல்லை. தலையாட்டியிருக்க வேண்டும். கங்கா மாமியாரின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கினாள்.

முன்னால் அண்டாக்கள், திருப்ப இடமில்லை. ரிச்சர்ட் ரிவர்ஸ் போட்டார். ஜனங்கள் வழிவிட்டார்கள், நிதானமாக, ஒரு சவ வண்டிக்கு விடுவது போல. போன் சட்டைப்பையில் அடித்துக்கொண்டே இருந்தது. வேன் பின்வாங்கப் பின்வாங்க, முன்கண்ணாடியில் கோயில் வாசல் சின்னதாகிக்கொண்டே போனது. கங்கா குடத்தை அண்டாவில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். யாரோ அவள் கையில் அகப்பையைக் கொடுத்தார்கள். வெயிலுக்கோ எதற்கோ, முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டு, சபையில் ஜெபத்துக்கு நிற்கும்போது செய்கிற மாதிரியே அதைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். பிறகு குனிந்து, முதலில் நீட்டிய சொம்பில் கூழை ஊற்றினாள்.