ஏழு மணித் தொட்டி

ஐஸ்லாந்தில் எங்கள் ஊரான ஸ்கார்ட்ஸ்விக்கில் காலை ஏழு மணிக்கு நீச்சல் குளத்தின் கதவு திறக்கும்போது வாசலில் மூன்று பேர் நிற்பார்கள். பனி கொட்டினாலும் நிற்பார்கள், கடற்காற்று ஆளைத் தள்ளினாலும் நிற்பார்கள். ஒருத்தி ஸ்டெய்னுன். இன்னொருத்தி அவளுடைய தோழி உன்னுர். மூன்றாமவர், ஆயுள் முழுக்க மீன்பிடிக் கப்பல் ஓட்டி ஓய்ந்த கோல்பெய்ன். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மூவரும் எழுபதைத் தாண்டி வெகு காலமாயிற்று.

உள்ளே போய், சட்டப்படி சோப்புப் போட்டு அம்மணமாய்க் குளித்து, நீச்சலுடையை மாட்டிக்கொண்டு, இருட்டில் வெறுங்காலோடு குளிரில் ஓடி, அவர்கள் நேராகப் போய் இறங்குவது வெந்நீர்த் தொட்டியில். பக்கத்திலேயே பெரிய நீச்சல் குளம் ஆவி விட்டுக்கொண்டு கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் காரைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பார்கள். இருக்கிறது, நல்லது, இருந்துவிட்டுப் போகட்டும்.

தொட்டியில் அவரவருக்கு அவரவர் இடம். தண்ணீர் பீய்ச்சும் துளைக்கு முதுகு கொடுக்கும் இடம் ஸ்டெய்னுனுடையது. படியோரம் உன்னுர்; யார் வருகிறார், யாருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது என்பது முதலில் அவளுக்குத் தெரிய வேண்டும். காது சரியாகக் கேட்காத கோல்பெய்ன் இருவருக்கும் நடுவில். ஒருமுறை ஒரு ஜெர்மன்காரர் தெரியாமல் ஸ்டெய்னுனின் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. மூவருமாக அவருடைய கால் கட்டைவிரலைப் பார்த்துத் தங்கள் மொழியில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவராகவே எழுந்து போய்விட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தில் அரசாங்கங்கள் கவிழும், வங்கி மேலாளரின் மனைவி வீட்டை விட்டுப் போவாள், திரும்பி வருவாள், பாதிரியாரின் முழங்கால் அலசப்படும். எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக வந்து குதிப்பதற்குள் ஊரை ஒரு சுற்று முடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

ஒன்பது மணிக்குத் தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ஸ்டெய்னுனின் மகள் பெர்க்லியோத்தின் தொலைபேசி வரும்.

"அம்மா, இன்னைக்கு நீந்தினியா?"

"நீந்தினேன். குளத்துக்கு இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி, நாலு நீளம்."

"மூச்சு வாங்கலையே?"

"எனக்கென்ன, மீன் மாதிரி போய் வந்தேன்."

ஸ்டெய்னுன் அந்தக் குளத்தில் கடைசியாக நீந்தியபோது அவள் கணவர் உயிரோடிருந்தார். ஆனால் தன் வீட்டுப் பக்கத்தில் முதியோர் குடியிருப்பு ஒன்றை பெர்க்லியோத் பார்த்து வைத்திருந்தாள். லிஃப்ட் உண்டு, தலைமாட்டில் அபாய மணி உண்டு, புதன்கிழமை தோறும் சேர்ந்திசை உண்டு. "நீ தினம் நீந்தற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஆகவே ஸ்டெய்னுன் தினமும் நீந்தினாள், தொலைபேசியில்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் நகராட்சி ஹஃப்ரூனை நியமித்தது. முதியோர் நல அலுவலர். முப்பது வயது, தங்கமான பெண். அவள் கொண்டுவந்த திட்டத்துக்குப் பெயர் "ஒன்றாய், உறுதியாய்". வந்த வாரமே உடை மாற்றும் அறையில் பெரிய எழுத்தில் தாள் ஒட்டினாள்: 'உட்கார்ந்தே இருந்தால் உடம்பு கெடும்'. பெஞ்சுக்கு எதிரே தாழ்வாக ஒட்டியிருந்ததால் எல்லாரும் அதை உட்கார்ந்துதான் படித்தார்கள்.

அடுத்து, ஊரிலுள்ள முதியவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் போன் போட்டு, அம்மா எப்படி, அப்பா எப்படி, தனியாகத் தவிக்கிறார்களா என்று விசாரித்தாள். பெர்க்லியோத் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை கனத்த கோட்டோடு தொட்டியின் விளிம்பில் வந்து குந்தினாள் ஹஃப்ரூன்.

"ஸ்டெய்னுன், நீங்கதானா அது?"

"எது?"

"தினம் நாலு நீளம் நீந்தறவங்க."

கோல்பெய்ன் மூக்குவரை தண்ணீரில் இறங்கிக்கொண்டார். உன்னுர் வானத்தில் ஏதோ நட்சத்திரத்தைத் தேடினாள்.

"ஏதோ, முடிஞ்ச அளவு" என்றாள் ஸ்டெய்னுன்.

"இந்த ஊருக்கே நீங்கதான் முன்மாதிரி. கோடையின் முதல் நாள் விழாவிலே எல்லார் முன்னாடியும் நீந்திக் காட்டறீங்க. மேயர் பதக்கம் போடறார். மறுநாள்லேருந்து ஏழு மணிக்கு முதியோர் நீச்சல் வகுப்பு, நீங்க முன்னாடி நின்னு நடத்தறீங்க." பிறகு அன்போடு தொட்டியைத் தட்டிக் கொடுத்தாள். "இதுலே எட்டு மணிக்கு அப்புறம்தான் தண்ணி விடப்போறோம். இது இருந்தா எல்லாரும் இங்கேயே உட்கார்ந்துடறீங்க, இல்லையா?"

அவள் போனபின் கோல்பெய்ன் தண்ணீரிலிருந்து மோவாயை வெளியே எடுத்தார்.

"உண்மையைச் சொல்லிடு" என்றாள் உன்னுர்.

"சொன்னா பெர்க்லியோத் நாளைக்கே லாரியோட வந்து நிப்பா. புதன்கிழமை நான் சேர்ந்திசையிலே நிப்பேன்."

"அப்ப நீந்து."

"நீந்தினா தொட்டி போச்சு. எட்டு மணிக்கு அந்தப் பிசாசுங்க நடுவிலே உட்கார்ந்து என்னத்தைப் பேசறது?"

"என்ன சொல்றா?" என்று கேட்டார் கோல்பெய்ன். உன்னுர் அவர் காதில் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அவர் யோசித்தார். "நல்லா நீந்தினாத்தானே வகுப்பு எடுக்கச் சொல்லுவா? முழுகவும் கூடாது, ஊர் மெச்சவும் கூடாது. நடுவாப்பல நீந்து. பொண்ணு பார்த்தா 'பரவாயில்லை, அம்மா நீந்தறா'ன்னு நினைக்கணும். ஊர் பார்த்தா 'ஐயோ, இதுகிட்டயா கத்துக்கறது'ன்னு ஓடணும்."

"அதுக்கு எப்படி நீந்தணும்?"

"நீ எப்படி நீந்துவியோ அப்படித்தான்" என்றாள் உன்னுர்.

காலண்டரில் ஏப்ரலிலேயே வந்துவிடும் கோடையின் முதல் நாள் பொழுது விடிந்ததும், எங்கள் ஊர் வழக்கப்படி ஆலங்கட்டி விழுந்தது. நகராட்சி வாத்தியக் குழுவில் ஒருவருடைய உதடு ஊதுகுழலோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் இசை பாதியில் நின்றது. மேயர் மாக்னி கம்பளிச் சட்டையோடு வந்து, முதுமையில் நட்பும் உழைப்பும் எவ்வளவு முக்கியம் என்று பல் கிட்டிக்கப் பேசினார். பெர்க்லியோத் முதல் நாளே காரோட்டி வந்திருந்தாள். அம்மாவின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ தானே பெற்று வளர்த்தவள்போலப் பெருமையாக நின்றாள். அந்த முகத்தைப் பார்க்காமல் ஸ்டெய்னுன் குளத்தின் படிக்குப் போனாள்.

தலையில் கம்பளிக் குல்லாயோடு குளத்தில் இறங்கினாள். தொட்டியின் சூட்டுக்குப் பழகின உடம்பு, குளத்தின் வெதுவெதுப்பில் சிலிர்த்துக்கொண்டது. ஆனால் கை கால் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்து நீச்சல் வாத்தியாரம்மா கரையில் கம்போடு நடந்தபடி கத்தினதெல்லாம் முழங்காலுக்கு ஞாபகம் இருந்தது. தவளைபோல மடக்கினாள், உதைத்தாள், நகர்ந்தாள். கோல்பெய்னின் யோசனைப்படி நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவளால் முடிந்ததே அவ்வளவுதான். நடுவில் காற்று வேறு அவளைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோயிற்று.

முதல் நீளம் முடிவதற்குள் கைதட்டல் ஓய்ந்தது. அதன்பின் தட்டுவதற்கு யாரும் கைகளைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

தொட்டியிலிருந்து கோல்பெய்னின் குரல் வந்தது. "மாக்னி, இங்கேயிருந்தும் நல்லாத் தெரியுது."

மேயர் கௌரவமாகக் கொஞ்ச நேரம் தாங்கினார். பிறகு உள்ளே போய் வாடகைக்கு ஒரு நீச்சலுடை வாங்கிக்கொண்டு வந்தார். மேயரே போனபின் மற்றவர்களுக்கு என்ன? ஸ்டெய்னுன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கரையில் ஆள் குறைந்து, தொட்டியில் தலை கூடிற்று. கடைசியாகச் சுவரைத் தொட்டபோது கரையில் ஹஃப்ரூன் மட்டும் கடிகாரத்தோடு நீலம் பாரித்து நின்றாள். துண்டு நாற்காலியில் கிடந்தது. பெர்க்லியோத்தைக் காணோம்.

பெர்க்லியோத் தொட்டியில் இருந்தாள், உன்னுரின் பக்கத்தில். குளத்திலிருந்து ஏறித் தொட்டிக்கு நடந்துவந்த ஸ்டெய்னுனின் கால் அங்கேயே நின்றுவிட்டது. உன்னுரை அவளுக்குத் தெரியும். வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு அத்தனை நேரம் ஒரு விஷயத்தை வாயில் அடக்கி வைத்திருக்க உன்னுரால் ஆகாது.

"அம்மா, எத்தனை வருஷமா?" என்றாள் மகள்.

"எது?"

"நடிக்காதே. உன்னுர் சொல்லிட்டா."

"நான் எங்கே சொன்னேன்?" என்றாள் உன்னுர். "அவ கேட்டா, நான் இல்லைன்னு சொல்லலை. அவ்வளவுதான்."

ஆலங்கட்டி குல்லாயின்மேல் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. "அப்பா போனதிலேருந்து" என்றாள் ஸ்டெய்னுன். "அவர் இல்லாம அந்தத் தண்ணியிலே இறங்கப் பிடிக்கலை."

"அப்ப தினம் இங்கே வந்து என்னதான் பண்றே?"

"உட்கார்றேன்."

"ஒரு மணி நேரமும்?"

"இதுங்களோட" என்று மோவாயால் காட்டினாள். "பேசறோம்."

பெர்க்லியோத் அம்மாவைப் பார்த்தாள். காலெல்லாம் சிவந்து, குல்லாய் சொட்டச் சொட்ட நிற்கும் அந்த உருவத்தை. பிறகு பக்கத்தில் கண்ணை மூடிச் சுகமாகச் சாய்ந்திருந்த மேயரின் தோளைத் தட்டினாள்.

"மாக்னி, கொஞ்சம் நகருங்க. அது எங்கம்மா உட்கார்ற இடம்."

அன்று மாலை காரில் ஏறும்போது அவள் குடியிருப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. "அந்த உன்னுர் ஒரு ஓட்டை வாய். ஏதாவதுன்னா அவகிட்டேயே கேட்டுக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஹஃப்ரூன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாளே. அவள் கண்ணில் நீர் தளும்பியது. அன்றிரவே மேயருக்கு எழுதிவிட்டாள். நாம் தவறாக நினைத்துவிட்டோம், தொட்டிதான் மருந்து, மனிதருக்கு மனிதர்தான் மருந்து. ஏழு மணித் தொட்டியை மூடும் யோசனை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஏழு மணித் தொட்டிக்கு 'உரையாடல் நேரம்' என்று பெயர் வைத்து, நடத்துவதற்கு ஹஃப்ரூனே நீச்சலுடையில் வந்துவிட்டாள். கையில் நனையாத பிளாஸ்டிக் அட்டைகள்.

விதிகள் கொஞ்சம்தான். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. அரசியல் கூடாது. நோயைப் பற்றிப் புலம்பல் கூடாது. அங்கே இல்லாதவரைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. தனிக் கூட்டு சேராமல் இருக்க வாராவாரம் இடம் மாறி உட்கார வேண்டும். ஊரில் தனிமையே தெரியாத பலர் இதற்கென்று தனிமையாகி வந்து சேர்ந்தார்கள். ஸ்டெய்னுனுக்குத் துளையே இல்லாத மூலை வாய்த்தது.

"கோல்பெய்ன், உங்க அட்டை" என்றாள் ஹஃப்ரூன். "இன்னைக்கு நீங்க எதுக்கு நன்றி சொல்வீங்க?"

"வெந்நீருக்கு."

"இன்னும் கொஞ்சம் மனசைத் திறந்து?"

கோல்பெய்ன் யோசித்தார். "நல்ல வெந்நீருக்கு."

"அருமை. ஸ்டெய்னுன், கோல்பெய்ன் சொன்னதைக் கேட்டு உங்களுக்கு என்ன தோணுது?"

"இன்னும் கொஞ்சம் சூடா இருக்கலாம்னு தோணுது."

இதைச் சில வாரம் பொறுத்தார்கள். பிறகு ஒரு காலை உன்னுர் ஒரு சேதியோடு வந்தாள். குளிக்கும் அறையில் ஆட்கள் இருந்ததால் சொல்ல முடியவில்லை. தொட்டியில் அட்டை சுற்றி வந்தது. உன்னுரின் முகம் பால் பொங்கும் பாத்திரம்போல இருந்தது. அவள் கால் பெருவிரலால் தண்ணீருக்கடியில் ஸ்டெய்னுனை உதைத்து, கண்ணால் வங்கி இருக்கும் திசையைக் காட்டினாள்.

ஸ்டெய்னுன் சுற்றிலும் பார்த்தாள். நன்றியறிதலோடு பன்னிரண்டு தலைகள். எழுந்தாள்.

"நான் போய்க் கொஞ்சம் நீந்திட்டு வர்றேன்."

"நானும்" என்றாள் உன்னுர், அவள் சொல்லி முடிப்பதற்குள்.

"எங்கே போறாங்க?" என்றார் கோல்பெய்ன். யாரும் பதில் சொல்லாததால் அவரும் எழுந்து பின்னாலேயே போனார்.

ஹஃப்ரூனுக்கு ஆனந்தம். உரையாடல் உடற்பயிற்சியாக மலர்ந்ததை அன்றே அறிக்கையில் சேர்த்தாள். மேயர் அதைத் தலைநகருக்கு அனுப்பினார். தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மழையோ பனியோ, ஒரு நாள் தவறாமல், மூன்று முதியவர்கள் ஒரே தடத்தில் நெருக்கமாக, நத்தைபோல, மணிக்கணக்கில் நீந்துகிறார்களே, அந்த மன உறுதி எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் வியப்பு.

"வங்கிக்காரர் பொண்டாட்டி மறுபடியும் வீட்டை விட்டா?" என்றாள் ஸ்டெய்னுன், வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பிவிட்டு.

"வீட்டை விட்டு மட்டுமில்லைடி. நாயையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா."

"யார் நாய்?" என்று நடுவிலிருந்து கேட்டார் கோல்பெய்ன்.

குளத்தின் கடைசிச் சுவர் வந்துவிட்டது. தொட்டிப் பக்கமிருந்து ஹஃப்ரூன் எழுந்து நின்று, அட்டையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"அந்தப் பக்கம் பார்க்காதே" என்றாள் ஸ்டெய்னுன், சுவரை உதைத்துத் திரும்பியபடி. "தடத்தை மாத்தி, அந்த ஓரமாப் போவோம். மெதுவா. நாய் எப்படி ஒத்துக்கிச்சு, அதைச் சொல்லு."