இரண்டு விரற்கடை அதிகம்

எங்கள் வீட்டுக் கணப்புக்கு மேலே என் துப்பாக்கி தொங்குகிறது. தோளில் பதிகிற அதன் பின்கட்டை தேன் நிற வால்நட் மரம். வருகிறவர்கள் ஒருமுறை தடவிப் பார்க்காமல் போவதில்லை. போன குளிர்காலம் முழுவதும் என் கணவர் டெல்பர்ட் கராஜில் உட்கார்ந்து எனக்குத் தெரியாமல் இழைத்தது.

அதற்கு முன் இருந்தது கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை. கண்கொண்டு பார்க்க முடியாது. எனக்குக் கை குட்டை. கடைத் துப்பாக்கிகளோ ஆண்பிள்ளைகளின் கைக்கு அளந்தவை. அதனால் என் அண்ணன் ஆர்லோ அதன் பின்பக்கத்தில் இரண்டு விரற்கடை அறுத்து, ரப்பரை ஒட்டி, டேப் சுற்றிக் கொடுத்தான். தோளில் வைத்தால் தானாகப் போய் உட்காரும்.

வாத்து வேட்டைப் பருவம் வந்தால் சனிக்கிழமைதோறும் நானும் டெல்பர்ட்டும் ஒரே படகில் போவோம். நாணலுக்குள் ஒளிந்து உட்கார்ந்து ஒரே பிளாஸ்கில் காப்பி குடிப்போம். வீட்டில் வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிற மனிதர் அங்கேதான் பேசுவார். அந்தப் பேச்சுக்காகத்தான் நான் போனேன். வாத்து கடையிலும் கிடைக்கும்.

என் பிறந்தநாளன்று கேக்குக்குப் பக்கத்தில் துப்பாக்கியை ஏந்திக்கொண்டு நின்றார்.

"அந்தப் பிளாஸ்டிக் சனியனக் குப்பையில போட்டுட்டேன், மார்லிஸ். உனக்குத் தெரியாம செய்யணும்னு என் துப்பாக்கிய வச்சே அளவெடுத்தேன். தூக்கிப் பாரு!"

தூக்கினேன். விரல் நுனி மட்டும் விசையைத் தொட்டது. நீளம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் நகங்களில் எண்ணெய்க் கறை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம். எனக்கு மனம் வரவில்லை.

"எப்படி இருக்கு?"

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி."

பருவத்தின் முதல் நாள், தடித்த கோட்டில் கட்டை அக்குளில் சிக்கிச் சிக்கி நின்றது. வாத்துகள் தலைக்கு மேலேயே போயின. ஒருமுறை சுட்டபோது தோளெலும்பில் உதைத்துக் கன்றியும் விட்டது.

"என்னடி, இன்னிக்கு வாத்துக்கெல்லாம் பொது மன்னிப்பா?" என்று சிரித்தார்.

"தோள் முன்ன மாதிரி இல்ல. வயசாகுதில்ல?"

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். அவர் நம்பினார். சிரிப்பையும் நிறுத்திவிட்டார்.

"அப்ப நீ குளிர்ல கெடந்து கஷ்டப்படாத. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு விர்ஜிலக் கூட்டிட்டுப் போறேன்."

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேருக்கு முட்டை சாண்ட்விச் கட்டும்போது கடைசியாகக் கேட்டுப் பார்த்தேன்.

"டெல், அந்தக் கட்டையக் கொஞ்சம் அறுத்தா என்ன?"

"அந்த மரத்தையா? எதுக்கு? அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குன்னு நீதான சொன்ன?"

அவர் முகம் வாடத் தொடங்கியது. "சும்மா கேட்டேன்" என்று பிளாஸ்கை மூடினேன்.

மத்தியானம் படகு திரும்பி வந்தது. டெல்பர்ட் வாத்துகளை எடுத்துக்கொண்டு பேசாமல் கராஜுக்குள் போனார். விர்ஜில் காலிப் பிளாஸ்கை என்னிடம் கொடுத்தான்.

"உன் புருஷன் ஊமைன்னுல்ல நெனச்சிருந்தேன்! வாய மூடவே இல்ல, போ."

"என்ன பேசினார்?" என்று கேட்டேன்.

"யாருக்கு ஞாபகம்? எல்லாம் வெட்டிப் பேச்சு" என்றான்.