நுனி வெட்டிய டேப்

குளிர்கால விடுமுறைக்கு அத்தானோடு வந்த அக்கா, பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்: "டேப் எங்கடி?" நான் தையல் வேலை செய்பவள், கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டவள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். என் அளவு நோட்டில் போன வருஷம் அவள் இடுப்பு நாற்பது. இப்போது நாற்பத்திரண்டாம்.

"கம்பளிக் கோட்டைப் பழைய அளவுலயே தை. படம் எடுக்குற அன்னைக்குள்ள இறங்கிக் காட்டுறேன்."

இறங்கினாள், மாடிப்படியில். மறுபடி ஏறினாள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் அவள் முன்னால் ஒரு டம்ளர் வெந்நீர். அத்தான் பாவம், வறுவலைக்கூடச் சத்தம் வராமல் மென்றார். ஒன்பது வருஷமாகக் குடும்பப் படம் எடுக்கிறோம், ஒன்றில்கூட அக்கா இல்லை. "நான் எடுக்குறேன், நீங்க நில்லுங்க" என்று கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இந்த வருஷம் நடுவில் உட்காரப் போவதாக அவளே சொல்லியிருந்தாள். அந்த ஆசைக்குத்தான் இத்தனை பட்டினி.

ஏழாம் நாள், படம் எடுக்கும் காலையிலும் நாற்பத்திரண்டு. அக்கா கேமராவைத் துடைக்க ஆரம்பித்தாள். கோட்டின் கையை மடிக்க டேப்பை எடுத்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அதன் நுனியை எப்போதோ துணியோடு சேர்த்து நானே வெட்டித் தொலைத்திருந்தேன். முதல் இரண்டு அங்குலம் கிடையாது. அளவெடுத்தால் நான் எப்போதும் இரண்டைக் கழித்துத்தான் எழுதுவேன். கை பழகிப்போய் மறந்தேவிட்டது.

சொன்னேன்.

"ஒரு வாரமா வெந்நீர் குடிச்சேனேடி, பாவி!" அவள் கண் கத்தரிக்கோலைத் தேடியது. நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அப்போ போன வருஷமும் இதே உடம்புதான். அப்பவும் ஒளிஞ்சுக்கிட்டுதானே இருந்தேன்?"

மேஜைக்குப் போய், விடுமுறைக்காக வாங்கி வைத்திருந்த கேக்கில் பாதியை இழுத்துத் தட்டில் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடித்துக் கோட்டை மாட்டினால் கடைசிப் பொத்தான் எட்டவில்லை.

"பிரிச்சு விடவாக்கா? அஞ்சு நிமிஷம்தான்."

"நான் மூச்சு விட்டா போதும், போடி." கேமராவை அத்தான் கையில் திணித்துவிட்டு, நடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்தப் படம் இப்போது என் தையல் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. ஒரு மூலையை அத்தானின் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. நடுவில் அக்கா, கடைசிப் பொத்தான் திறந்து, உதட்டோரம் கேக் துணுக்கோடு.