சுவருக்குப் பின்னால் ஒரு முக்காலி

கண்காட்சித் திடலின் நடுவே அந்த வீட்டைக் கட்டியிருந்தார்கள். வாசலில் ‘நாளைய வீடு’ என்று பலகை. சொன்னால் விளக்கு எரியும், சொன்னால் கதவு திறக்கும், சொன்னால் ஜன்னல் திரை விலகும். ஒரு தடவைக்கு இருபது பேரை உள்ளே விடுவார்கள். மைக் அக்கா அவர்களை அறை அறையாக அழைத்துப்போய் விளக்கம் சொல்வாள்.

நான் கூடத்துச் சுவருக்குப் பின்னால் இருந்தேன்.

முதல் நாளே வீடு மானத்தை வாங்கிவிட்டது. ஒருவர் மட்டும் நின்று பேசினால் அதற்கு எல்லாம் புரியும். இருபது பேர் சேர்ந்து பேசினால் கிறுக்குப் பிடித்துவிடும். ஒரு குழந்தை வீறிட்டபோது எல்லாத் திரைகளும் ஏறி இறங்கின. யாரோ தும்மியதற்குக் குளியலறையில் தண்ணீர் கொட்டியது. மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கூடத்துச் சுவருக்குப் பின்னாலிருந்த இடுக்கில் ஒரு முக்காலி, ஒரு சின்ன டிவி, காதில் மாட்டும் ஹெட்போன், பதினான்கு சுவிட்சுகள் வந்துவிட்டன. வெளியே ஒருவர் “விளக்கு” என்றால் உள்ளே ஒருவர் அமுக்க வேண்டும்.

“கண்காட்சி முடியற வரைக்கும்தான். சத்தம் போடாத ஆளா வேணும்” என்று மேனேஜர் சொன்னாராம். என் பெரியம்மாவுக்கு அங்கே தரை துடைக்கும் வேலை. “எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு சார். இருக்கா இல்லையான்னு நாங்களே அப்பப்போ எட்டிப் பாக்கணும்” என்றாள். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஒயர்களைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரியும் ஒயர் அண்ணன் எனக்குப் பல்லி என்று பேர் வைத்தார்.

எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. நான் எல்லோரையும் பார்க்கலாம், என்னை யாரும் பார்க்க முடியாது. அதுவுமில்லாமல், ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியாது.

“கையி எதுக்குய்யா இருக்கு? சுவிட்சு போடக்கூட உடம்பு வணங்கலியா?” என்பார் ஒரு பெரியவர். பத்து நிமிஷம் கழித்து அவரே யாரும் பார்க்காத நேரமாக, “விளக்கு... விளக்கும்மா...” என்று கெஞ்சுவார். நான் அமுக்குவேன். அவர் முகம் பூரித்துப்போகும்.

“நான் சொன்னா என் வீட்டுல நாய்கூட எந்திரிக்காது. இங்க திரையே எந்திரிக்குது பாரு” என்று ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார்.

“அப்ப இங்கயே இருந்துக்கங்க. நானும் நாயும் நிம்மதியா இருப்போம்” என்றாள் அவள்.

கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி பயந்துகொண்டே கேட்டாள்: “நாம பேசறத எல்லாம் யாராவது கேட்டுட்டு இருப்பாங்களா?”

“ஐயோ, யாருமே இல்லைங்க. வெறும் மிஷின்தான்” என்று மைக் அக்கா சிரித்தாள். வாயில் வைத்த பன்னை மெல்லாமல் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை மதியம் ஒரு சக்கர நாற்காலி உள்ளே வந்தது. அதில் பெரிய உடம்புக்காரர் ஒருவர். கை இரண்டும் மடியில் கிடந்தன, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல. தள்ளிக்கொண்டு வந்தது அவர் மனைவி. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே அந்த அம்மா மைக் அக்காவிடம் பேசினார்.

“முப்பது வருஷம் லாரி ஓட்டினவரும்மா. முதல்ல கை போச்சு. அப்புறம் நாக்கு தடிச்சுப்போச்சு. நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பாக்கறேன். காலைல ஏழு மணிக்குப் போனா வர நாலு ஆயிடும். மத்தியானம் பக்கத்து வீட்டம்மா வந்து சாப்பாடு ஊட்டிட்டுப் போகும். மத்த நேரமெல்லாம் தனிதான். ஒரு நாள் மேகமா இருக்கேன்னு திரைய விலக்கி விட்டுட்டுப் போயிட்டேன். ஒம்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிடுச்சு. பக்கத்து வீட்டம்மா வர வரைக்கும் மூஞ்சி மேலயே அடிச்சிருக்கு. திரும்பிக்கக்கூட முடியல இவரால.”

கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

“பராமரிப்பு இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். இவருக்கு அங்க போகவே இஷ்டமில்ல. இந்த வீட்டுல இருக்கற மாதிரி எங்க ஒரு ரூமுக்கு மட்டும் வச்சா, வீட்டுலயே இருந்துக்கலாமான்னு பாக்க வந்தோம். இவர் பேச்சு இதுக்குப் புரியுமா?”

“சொல்லச் சொல்லுங்க, பாத்துடலாம்” என்றாள் மைக் அக்கா. அவள் குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

அவர் பேசினார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஈரத்துணி மாதிரி வந்து விழுந்தன. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கேட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் டிவியில் அவர் கண் ஜன்னல் பக்கம் போவது தெரிந்தது. நான் திரைக்கான சுவிட்சை அமுக்கினேன்.

திரை விலகியது. வெயில் தரையில் விழுந்தது.

யாரோ கை தட்டினார்கள். அவர் மறுபடி ஏதோ சொன்னார். கண் மேலே போனது. நான் விளக்கைப் போட்டேன். கதவைப் பார்த்தார், கதவைச் சாத்தினேன். அவர் கண் போன இடத்துக்கெல்லாம் என் விரல் போனது. அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய நல்ல காரியம் செய்வதுபோல் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்த அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பக்கத்துல இருக்கற எனக்கே பாதி புரியாது. இதுக்குப் புரியுதே!” என்று சொல்லிக்கொண்டே பையைத் துழாவி போனை எடுத்தார். “கட்டில் வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்.”

நான் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தேன்.

அவர் வீட்டில் சுவருக்குப் பின்னால் யார் இருப்பார்கள்? காலை ஏழு மணிக்கு அந்த அம்மா கிளம்பிப் போவார். ஒன்பது மணிக்கு வெயில் ஏறும். அவர் கத்திக்கொண்டிருப்பார். வீடு சும்மா நிற்கும்.

மைக் அக்கா சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் தன் செருப்பைப் பார்த்தார். அந்த அம்மா நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

சுவரோடு சுவராகத் தெரியும் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்துகொண்டு நான் வெளியே வந்தேன். இருபது பேரும் திரும்பினார்கள்.

“போன் பண்ணாதீங்கம்மா” என்றேன். “அது நான்தான். வீடு இல்ல. நான்தான் அமுக்கினேன்.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருவர் சின்னக் கதவுக்குள் எட்டிப் பார்த்து, “அடப்பாவிகளா! உள்ள ஒரு முக்காலி, தண்ணி பாட்டிலு, பாதி பன்னு!” என்று கத்தினார். கூடம் அமர்க்களப்பட்டது.

“நாளைய வீடாம்! இதுக்கு நாலு வேலைக்காரங்கள வச்சுக்கலாமே!”

“காலைல நான் கெஞ்சினது உன்கிட்டயா பாப்பா?” என்றார் இரண்டாம் தடவையாக வந்திருந்த ஒரு பெரியவர்.

“சின்னப் பொண்ண இப்படி அடைச்சு வச்சிருக்கீங்களே, நல்லாயிருப்பீங்களா?” என்று ஓர் அம்மா மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் நாளைக்கு எனக்கு வேலை இல்லை என்று எழுதியிருந்தது.

நான் லாரிக்காரரின் மனைவியை மட்டும் பார்த்தேன். போன் கையிலேயே இருந்தது. “அப்ப இவர் சொன்னது உனக்கெப்படிப் புரிஞ்சுது?” என்றார்.

“புரியல. அவர் எங்க பாக்கறாருன்னு பாத்தேன்.”

அந்த அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். லாரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கிருந்தோ ஒயர் அண்ணன் வந்து சேர்ந்தார். “பல்லி சொன்னது நிஜம். ஆனா வீடு முழுப் பொய்யும் இல்ல. சத்தம் இல்லன்னா கேக்கும். எல்லாரும் ரெண்டு நிமிஷம் வாய மூடிட்டு இருந்தா, நிஜமாவே போட்டுப் பாத்துடலாம்.”

ஏச்சுப் பேச்செல்லாம் நின்றது. மேனேஜரைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாகூட அப்படியே பிடித்தபடி அமைதியானார். லாரிக்காரர் பேசினார். வீடு இனிமையான குரலில், “மன்னிக்கவும், புரியவில்லை” என்றது. மறுபடி பேசினார். மன்னிக்கவும். ஆறாவது மன்னிப்புக்கு அவர் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

“வார்த்தைய விடுங்கண்ணே” என்று ஒயர் அண்ணன் அவர் முன்னால் குந்தினார். “எப்ப சொன்னாலும் ஒரே மாதிரி வர சத்தம் ஒண்ணு குடுங்க. அதை நான் இதுக்குச் சொல்லிக் குடுத்துடறேன்.”

அந்த அம்மா சட்டென்று, “ஏய்-னு மட்டும் தெளிவா வரும். என்னைக் கூப்புடறது” என்றார்.

“அது போதுமே. ஏய்-னா திரை.”

லாரிக்காரர் தலையை ஆட்டினார். முடியாது என்று பலமாக ஆட்டினார்.

“ஏங்க, ஒரு திரைக்குத்தானே?”

அவர் மனைவியைப் பார்த்து, “ஏய்” என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்து மறுபடி தலையாட்டினார். கூட்டத்தில் ஒரு பெண், “அது பொண்டாட்டி பேராம், சுவத்துக்கெல்லாம் தர மாட்டாராம்” என்றாள். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நாக்கு வேணாம். உதட்டால மட்டும் வர சத்தம் ஏதாவது?” என்று கேட்டேன். நானா கேட்டேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் யோசித்தார். கன்னத்தை உப்ப வைத்து உதட்டைக் குவித்து, “பாம்ம்ம்” என்றார்.

“லாரி!” என்று ஒரு சிறுமி கத்தியதும் கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார், பாதி வாய்தான் ஏறியது.

ஒயர் அண்ணன் அவரைப் பத்துப் பதினைந்து தடவை ஹாரன் அடிக்க வைத்து வீட்டுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு ஹாரன் திரைக்கு. இடைவெளி விடாமல் இரண்டு ஹாரன் அடித்தால் அந்த அம்மாவின் போனுக்கு மணி போகும். பிறகு சோதித்தோம். முக்காலியில் யாருமில்லை என்று நாலு பேர் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். பத்து ஹாரனில் ஏழுக்குத் திரை நகர்ந்தது.

“மத்த மூணு தடவ?” என்றார் அந்த அம்மா.

ஒயர் அண்ணன் பொய் சொல்லவில்லை. “போகப் போக சரியாகும். ஆனா பத்துக்குப் பத்துன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வேணும்னா உங்க ரூமுல நானே வந்து மாட்டித் தரேன்.”

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு “பாம்” என்றார். திரை அசையவில்லை. அவர் கோபப்படவில்லை. வழிவிடாத வண்டிக்குப் பின்னால் நிற்பவர்போல மறுபடி அடித்தார். திரை விலகியது. அவர் மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா போனை எடுத்தார்.

“பராமரிப்பு இல்லமா? கட்டிலுக்குச் சொல்லி வச்சிருந்தோமே... ஆமா, அவருக்குத்தான். அதை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இல்ல, யோசிச்சுத்தான் சொல்றேன்... இல்லம்மா, வேற இடத்துக்குப் போகல...”

பேச்சு நீண்டது. நாற்காலியில் பொறுமை தீர்ந்துவிட்டது. “பாம்” என்றார், திரை மூடியது. “பாம்”, திறந்தது. “பாம்ம்ம்.”

“என்ன சத்தமா?” என்றார் அந்த அம்மா போனில். “என் வீட்டுக்காரர் ஹாரன் அடிக்கறாரு. கிளம்பணுமாம்.”