பீப்பாய் மேல் எழுதிய சொல்

விடிந்ததிலிருந்து லோரன்ஸ் ஹுட்னர் ஓட்டுச்சாவடியை விட்டு நகரவில்லை. அமெரிக்காவின் மில்வாக்கிக்குப் பீப்பாய் செய்து பிழைக்க வந்த ஜெர்மன்காரன் இன்று சட்டசபைக்கு நிற்கிறான், எப்படி நகர்வான்? ஓட்டுச்சாவடி ஒரு மதுக்கடை. அதன் வாசலில் அவன் கையால் செய்த பீப்பாய் நிறைய பியர். கட்சிக்காரர் விட்கம் அதன் மேல் கொட்டை எழுத்தில் 'கிஃப்ட்' என்று இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார். ஹுட்னரின் அன்பளிப்பாம். காலையில் அதைப் படித்தபோது லோரன்ஸுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இங்கிலீஷ் பேசும் யாங்கிகளின் ஓட்டு எதிராளிக்கு என்பது ஊரறிந்த சங்கதி. ஜெர்மன்காரர்களும் கைவிட்டால் அவன் கதை முடிந்தது. அவர்கள் வந்தார்கள், பீப்பாயைப் பார்த்தார்கள், தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் போய் நின்றுவிட்டார்கள். பியரைக் கண்டு ஜெர்மன்காரன் ஒதுங்கினான் என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? உன் ஆட்களுக்கு நன்றியே கிடையாதா என்று விட்கம் வேறு முணுமுணுத்தார். புதுக் கோட்டு உறுத்துகிறதோ, யாரையாவது பார்த்தும் பாராமல் போய்விட்டோமோ என்று லோரன்ஸ் தன்னையே குடைந்துகொண்டான். மத்தியானமும் தாண்டிவிட்டது. பொறுக்க முடியாமல் தெருவைக் கடந்து, பட்டறையில் தன்னோடு பல வருஷம் பலகை இழைத்த பல்தசாரிடம் போனான்.

"என் மேல என்னடா கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல. உசிரு மேல ஆசை, அவ்வளவுதான். பீப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு படி."

"கிஃப்ட்..." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. இங்கிலீஷில்தான் அது அன்பளிப்பு. அதே எழுத்துக்கு ஜெர்மன் பாஷையில் விஷம் என்று பொருள்.

காலரா வந்த கோடையில் தெருக்கிணறுகளில் தொங்கிய பலகைகளிலும் இதே சொல்தான். பலகை தொங்குவதற்கு முந்தின நாள் தண்ணீர் எடுத்தவள் பல்தசாரின் மனைவி. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

லோரன்ஸ் ஓடிப்போய் ஒரு குவளை பியரைப் பிடித்து, எல்லோர் கண்முன்னும் நடுத்தெருவில் நின்று ஒரே மடக்கில் குடித்தான். தெருவே அவன் முகத்தைப் பார்த்தது. ஒரு கணம் அவனுக்கே பயமாக இருந்தது. பிறகு இழைப்புளியை எடுத்துவரச் செய்து எழுத்தை முழுக்கச் சீவித் தள்ளினான். யாரோ சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் விஷம் ஊற்று என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து வந்து, குடித்துவிட்டு ஓட்டும் போட்டார்கள். சாயங்காலம் லோரன்ஸ் ஜெயித்துவிட்டான். விட்கம் அவன் முதுகில் தட்டிய தட்டில் இருமலே வந்துவிட்டது.

பல்தசார் கடைசியாக வந்தான். குடித்தான், வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லது, ஜெயிச்சிட்ட. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் லோரன்ஸ். அன்னிக்குக் கிணத்துப் பலகையெல்லாம் உன் கையால எழுதினது. அதே வார்த்தையைத்தான் இன்னிக்குக் காலையிலயும் படிச்ச. எந்த பாஷையில படிச்ச?"

பழைய சிநேகிதனிடம் மன்னிப்புக் கேட்க லோரன்ஸ் அவசரமாக வாயைத் திறந்தான். வந்தது இங்கிலீஷ்.